செத்தவர்கள் பரிசு கொண்டுவரும் ஊர்

பலெர்மோவுக்கு நான் போனது ஒரு கையெழுத்து வாங்க. போன பிறகுதான் தெரிந்தது, அந்த ஊரில் அந்தக் கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாம் கேளாமலே கிடைக்கும் என்று. சத்தம் கிடைக்கும். படிக்கட்டுகள் கிடைக்கும். முன்பின் தெரியாத கிழவிகளிடமிருந்து கன்னத்துக்கு இரண்டு முத்தம் கிடைக்கும்.

கையெழுத்துப் போடவேண்டியவள் சுகிர்தா. என் கடைசித் தம்பி தேவனின் பெண்சாதி. தேவனைப் பெற்ற கையோடு எங்கள் அம்மா இறந்துவிட்டார். என்னை ஐந்தாம் வகுப்போடு மறித்து, அவனை என் இடுப்பில் ஏற்றிவிட்டார்கள். அவன் நாற்பது தாண்டித்தான் கலியாணம் கட்டினான். சண்டை முடிந்த கிழமை, ஆமிக்காரர் மறித்த இடத்தில், ஏறச் சொன்ன பஸ்ஸில் ஏறினான். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. ஏழு வருசம் ஆகிறது.

இப்போது கச்சேரியில், எங்கள் மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், ஒரு படிவம் தருகிறார்கள். செத்தவர் என்று பதியத் தேவையில்லை, காணாமல் போனவர் என்றே பதியலாம். இத்தனை காலமும் நான் மற்றத் தாய்மாரோடு தெருவில் வெயிலில் இருந்து கேட்டது அதைத்தான். ஆனால் பெண்சாதி ஒப்பம் வைக்கவேண்டுமாம், வளர்த்த அக்காவின் ஒப்பம் செல்லாதாம். சுகிர்தா தன் தமையனிடம் இத்தாலிக்குப் போய் ஐந்து வருசம். ஒரு வருசமாக டெலிபோனில் “அனுப்புறன் மச்சாள்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில், மகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவர ஆளில்லை, கொஞ்ச நாள் வந்து நில்லுங்கோ என்று அவளே கேட்டாள். நான் படிவத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு புறப்பட்டேன். வந்த வழியைச் சொல்லி உங்களைக் களைப்பாக்க மாட்டேன்.

ஐப்பசி மாதம், குளிர் கொல்லும் என்று ஊரில் எல்லாரும் பயமுறுத்தியதில் இரண்டு சுவெட்டரைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். வெளியே எங்கள் கிளிநொச்சி வெயில். ஒரேத்தோ என்கிற பகுதியில் அவர்களுடைய வீடு நாலாம் மாடி, லிப்ட் கிடையாது. இரண்டாம் மாடியில் ஒரு சுவெட்டரைக் கழற்றினேன், மூன்றாம் மாடியில் மற்றதையும் கழற்றினேன். கதவைத் திறந்த பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தாயிடம் இத்தாலிப் பாசையில் ஏதோ கேட்டது. மாமி ஏன் உடுப்பைக் கையில் காவிக்கொண்டு வந்தவ என்று கேட்டதாம்.

அதுதான் மதுரா, தேவனின் மகள். அவன் பஸ் ஏறியபோது நாலு மாதக் கைக்குழந்தை. இப்போது இரண்டாம் வகுப்பு. தமிழில் தொடங்கி இத்தாலியில் முடிக்கும். நடுவில் நான் எங்கே ஏறி எங்கே இறங்குவது என்று தெரியாமல் நிற்பேன்.

அன்றிரவே படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். “பாப்பம் மச்சாள், களைச்சு வந்திருக்கிறீங்கள்” என்று சுகிர்தா அதைக் குளிர்ப்பெட்டிக்கு மேல் வைத்தாள். அடுத்த நாள் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உப்பை எடுத்தாள், படிவம் திரும்பக் குளிர்ப்பெட்டிக்கு மேல் போய்விட்டது. எனக்கு வாயால் கேட்க வராது. கேட்டுச் சண்டை பிடிக்கிற ஆளாக இருந்தால் ஊரில் எத்தனையோ காரியம் முடித்திருப்பேன்.

இரண்டாம் நாள் அவள் வேலை செய்கிற வீட்டுக்கு என்னையும் பிள்ளையையும் கூட்டிப்போனாள். பொலிதேயாமாப் பக்கம் ஒரு பெரிய வீடு. அங்கே சின்யோரா என்று கூப்பிடுகிற தொண்ணூறு வயது வீட்டுக்கார அம்மாவைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துப் பார்ப்பதுதான் சுகிர்தாவின் வேலை. சின்யோரா என்னைப் பிடித்து இழுத்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். நான் சுவரோடு சுவராகப் போய் நின்றேன். பிறகு ஒரு தட்டு நிறையப் பழம் வந்தது. தோடம்பழம், கத்தரிக்காய் மாதிரி ஒன்று, பூச்சி கடித்த அடையாளத்தோடு ஒரு பேரிக்காய். பழம் என்று நம்பிப் பேரிக்காயைக் கடித்தேன். முழுக்க வாதுமைப் பருப்பு மாவும் சீனியும். பல் கூசி உச்சந்தலைக்கு ஏறியது. பழம் விளைகிற ஊரில் எதற்கு மாவில் பழம் செய்கிறார்கள், செய்தாலும் எதற்குப் பூச்சியையும் சேர்த்துச் செய்கிறார்கள்?

மதுராதான் சின்யோரா சொன்னதை எனக்குத் தமிழாக்கினாள். அது செத்தவர்களின் திருநாளுக்குச் செய்கிற பண்டமாம். கார்த்திகை, அதாவது நவம்பர் மாதம், இரண்டாம் திகதி விடியும்போது அந்தந்த வீட்டில் செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்களாம். சின்யோரா சின்னப் பிள்ளையாக இருந்தபோது சிவப்புச் சட்டை போட்ட வெள்ளைத்தாடிக் கிழவன் இந்தப் பக்கமே வந்ததில்லையாம். தைமாதம் துடைப்பத்தில் ஏறி வருகிற பெஃபானாக் கிழவி கடலுக்கு அந்தப்பக்கத்து ஆட்களுக்காம். “எங்களுக்கு எங்கட செத்த ஆக்களே காணும், வேற ஆக்கள் தேவையில்லை எண்டு சொல்லுறா” என்றாள் மதுரா.

செத்தவர்களுக்குப் பரிசு வாங்க எங்கே வசதி என்று நான் கேட்கச் சொன்னேன். சின்யோரா பல்லில்லாத வாயால் சிரித்தார். சுடலையால் வரிசையாக நடந்து வந்து, ஊருக்குள் இருக்கிற பணக்காரத் தையற்காரனிடமும் இனிப்புக் கடைக்காரனிடமும் களவெடுத்துக்கொண்டுதான் வருவார்களாம். எனக்குச் சரியான எரிச்சல். எங்கள் ஊரில் செத்த ஒருவர் களவெடுத்தார் என்று சொன்னால் வழக்கு வரும்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் அவதிப்பட்டேன். சுகிர்தா என்னை வியா மக்வேதாவில் ஒரு தமிழ்க் கடைக்குத் தேங்காயும் கறிவேப்பிலையும் வாங்க அனுப்பினாள். போகும்போது நடந்து போனேன். அந்தத் தெருவில் மனிதர் ஒருபக்கம், மோட்டார் சைக்கிள் மறுபக்கம், நடுவில் கடலைமா அப்பளத்தைப் பொரித்து, பாண் ரொட்டிக்குள் வைத்துக் கொடுக்கிற வண்டில்கள். எங்கள் கடலைமா வடையைத் தட்டையாக்கி, மிளகாயும் வெங்காயமும் போட மறந்தால் அதுதான். திரும்பும்போது கால் நோகிறது என்று பஸ்ஸுக்கு நின்றேன். முக்கால் மணித்தியாலம் வரவில்லை. வந்தபோது மூன்று சேர்ந்து வந்தன. நான் ஏறியது எதிர்ப்பக்கம் போகிறது. அது தெரிந்த பிறகும் மணியை அடிக்க வெட்கம். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். கடைசித் தரிப்பிடம் வரைக்கும் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

சாரதி இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினான். அப்போதுதான் பின்னாலிருந்து “அம்மா, நீங்க தமிழா?” என்று ஒரு குரல். மதுரைப் பக்கத்துப் பிள்ளை, இங்கே பல்கலைக்கழகத்தில் ஏதோ ஆராய்ச்சி செய்கிறாள். என்னைத் திரும்பவும் சரியான பஸ்ஸில் ஏற்றி, தானும் கூடவே ஏறினாள். வழியில் கடைத்தெரு முழுக்கச் சீனியில் செய்த பொம்மைகள் நின்றன. குதிரைவீரன், ஆடுகிற பெண். இதெல்லாம் என்ன கூத்து பிள்ளை என்று கேட்டேன். தெரியாத ஆளிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அவள் படித்ததைச் சொன்னாள். இந்த மாதத்தில் விதைப்பு முடிந்து நெல்லுப்போல ஏதோ தானியம் மண்ணுக்குள் கிடக்கும். செத்தவர்களும் அதே மண்ணுக்குள். அவர்கள் மனம் கோணாமல் இருந்தால்தான் பயிர் மேலே வரும் என்று முந்தின காலத்து ஆட்கள் அவர்களுக்கு மேசை போட்டுச் சாப்பாடு வைத்தார்கள். அதை அவர்களுக்குப் பதிலாகப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். போகப்போக, பிள்ளைகளுக்குக் கொடுப்பதே செத்தவர்கள்தான் என்று கதை திரும்பிவிட்டது. இப்படித்தான் சிலர் எழுதியிருக்கிறார்களாம். துடைப்பக் கிழவியையும் தாடிக் கிழவனையும்கூட அவள் இந்த வரிசையில்தான் நிறுத்தினாள்.

“எல்லாரும் இருட்டுலதான் வர்றாங்க. வர்றத யாரும் பாக்கக் கூடாது. நல்ல புள்ளைக்குக் குடுப்பாங்க, கெட்ட புள்ளைய தண்டிப்பாங்க. செத்தவங்கள விட்டா வேற யாரா இருக்க முடியும், சொல்லுங்கம்மா” என்றாள்.

தேங்காயை மடியில் உருட்டியபடி யோசித்தேன். எங்களிடம் எல்லாம் மறுபக்கமாக அல்லவா நடக்கிறது? வருசத்துக்கு ஒருமுறை வருகிற ஆட்டத் திவசம் என்றால் நாங்கள் படைப்போம், செத்தவர் வாங்கிக்கொள்வார். இங்கே செத்தவர் தருகிறார், இருப்பவர் வாங்குகிறார். எப்படியும் ஏதோ ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. காணாமல் போனவருக்கு மட்டும் ஒரு பக்கமும் இல்லை. ஏழு வருசமாகத் தேவனுக்கு நான் ஒரு பிடி சோறு படைத்ததில்லை. படைத்தால் அவன் செத்தவன் என்று நானே ஒத்துக்கொண்டதாகும். அந்தப் பிள்ளை சந்தோசமாகக் கதைத்துக்கொண்டே வந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரில் கோபம் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து தேங்காயை உடைத்தால் திருவலையைக் காணவில்லை. மேசையில் பூட்டிச் சுற்றித் தேங்காய் திருவுகிற இரும்புத் திருவலை. காலையில் புட்டுக்குத் திருவினேன், கழுவி வைத்தேன். அடுப்படி, அலுமாரி என்று குசினி முழுக்கத் தேடினேன். சுகிர்தா வேலையால் வந்து, “நீங்கள்தான் எங்கையாவது வைச்சிருப்பீங்கள்” என்றாள். வயதான ஆளுக்கு அதைவிட என்ன அவமானம் வேண்டும்? தேங்காய் வாங்க ஊர் சுற்றியவள் நான். கடைசியில் தேங்காயைக் கத்தியால் கீறி, அம்மி இல்லாத ஊரில் மிக்சியில் அடித்து, கூழ் மாதிரி ஒரு சம்பல் செய்தேன்.

அடுத்த நாள் காலையில் உடுப்புத் தோய்க்கிற மெசினைப் போட்டேன். உள்ளே யாரோ ஆளை அடைத்துவைத்து அடிப்பதுபோல ஒரு சத்தம். மெசின் நடந்து சுவருக்கு வந்தது. கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் தன் முகட்டைக் குத்திக் கத்தினாள். நான் வயரைப் பிடுங்கிக் கதவை இழுத்தேன். தண்ணீர் முழுக்க என் காலில் கொட்டியது. சுவெட்டருக்குள் சுற்றியபடி திருவலை.

மதுரா அழத் தொடங்கினாள். தான்தான் ஒளித்ததாக அவளே சொன்னாள். குழப்படி செய்த பிள்ளைகளின் உள்ளங்காலைச் செத்த ஆட்கள் சீஸ் திருவுகிற தட்டால் சுரண்டுவார்களாம். வகுப்பில் எல்லாரும் அந்தத் தட்டை ஒளித்துவிட்டார்கள். இந்த வீட்டில் சீஸ் திருவி இல்லை. இவள் சுற்றிப் பார்த்து, அதைவிடப் பயங்கரமான இதை எடுத்து ஒளித்திருக்கிறாள்.

சிரிப்பு வந்தது. பாவாடையைப் பிழிந்துகொண்டே கேட்டேன்: “உன்னட்டை ஆர் வரப்போகினம்? எங்கட வீட்டில ஆரும் இஞ்சை சாகேல்லையே.”

“அப்பா வருவார்” என்றாள்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அன்று பின்னேரம் வரைக்கும் ஈரத் தரையைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன். மறுநாள் கார்த்திகை முதலாம் திகதி, ஊருக்கு லீவு. சுகிர்தாவுக்கும் லீவு. மதுரா கீழே விளையாடப் போன நேரம், படிவத்தை எடுக்கக் கதிரையில் ஏறினேன். குளிர்ப்பெட்டிக்கு மேல், என் படிவத்துக்குப் பக்கத்தில், கண்ணாடித் தாளில் சுற்றிய ஒரு சீனிப் பொம்மை. நாவல் நிறச் சட்டை போட்டு ஆடுகிற பெண். பக்கத்தில் பிள்ளையின் கால் அளவில் ஒரு சோடிச் சப்பாத்து.

எனக்கு வாயால் கேட்க வராது என்று சொன்னேன் அல்லவா? அன்று வந்தது.

“ஏழு வருசமா அந்தச் சொல்லை ஒருத்தரையும் நான் சொல்லவிடேல்லை. நீ சீனிப் பொம்மை வாங்கிச் சொல்லப்போறியே?”

சுகிர்தா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. போன வருசம் இதே நாள் முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியபோது, உங்கள் செத்தவர்கள் என்ன கொண்டுவந்தார்கள் என்று ரீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டாராம். எங்கள் வீட்டில் ஒருவரும் சாகவில்லை என்று மதுரா சொன்னாளாம். நீ கொடுத்து வைத்தவள் என்று ரீச்சர் தலையைத் தடவினாராம். அன்று பிள்ளை வீட்டுக்கு வந்து கேட்ட கேள்வியைச் சுகிர்தா ஒரு வருசமாக எனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறாள்.

“அப்பா சாகேல்லை எண்டா ஏன் வாறார் இல்லை எண்டு கேட்டவள். உங்களுக்கு அவர் தம்பி, மச்சாள். நீங்கள் பாத்துக்கொண்டு இருக்கலாம். இவளுக்கு உயிரோட இருக்கிற அப்பா எண்டா, வர மனமில்லாத அப்பா. செத்த அப்பா வருசத்துக்கு ஒருக்கா எண்டாலும் வருவார்.”

“அவன் பஸ்ஸில ஏறினதை நான் என்ர கண்ணால கண்டனான்.”

“ஓம். நீங்கள் கண்டனீங்கள்” என்றாள். அன்று அவள் பிள்ளைக்குப் பால்மா வாங்கப் பெண்களின் வரிசையில் நின்றாள். திரும்பி வந்தபோது பஸ் போய்விட்டது. அதைப் பற்றி அவளும் நானும் அதற்குப் பிறகு கதைத்ததே இல்லை.

கையைத் துடைத்தாள். மதுராவின் பள்ளிக்கூடப் பையைத் திறந்து கையில் அகப்பட்ட பேனையை எடுத்தாள். மினுங்குகிற ஊதா நிறப் பேனை. குளிர்ப்பெட்டிக்கு மேலிருந்த படிவத்தை இழுத்து, வெங்காயம் மணக்கிற மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். கச்சேரியில் ஊதா மையை ஏற்பார்களோ என்றுதான் எனக்கு முதலில் ஓடியது.

“இந்தாங்கோ. கச்சேரிக்கு அவர் காணாமல் போனவர். நாளைக்கு ஒரு காலமை மட்டும் இவளுக்கு அவர் செத்தவர். நீங்கள் வாய் திறக்காமல் இருந்தாக் காணும்.”

படிவத்தை மடித்தேன். வந்த காரியம் முடிந்தது. வாய் திறக்காமல் இருப்பது எனக்கு ஒரு வேலையா, பிறந்ததிலிருந்து செய்கிற வேலை.

அந்த வீட்டில் ஒரே அறை. தாயும் மகளும் அதில் படுப்பார்கள். என் பாய் முன்வாசல் கதவுக்குக் குறுக்கே. இரண்டாம் திகதி விடிய, நான் எழும்பிப் பாயில் இருந்து தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தேன். மதுரா வெறுங்காலோடு வந்து மேசைக்குக் கீழே, கதிரைக்குப் பின்னே என்று தேடினாள். யன்னல் ஓரத்தில் சுகிர்தா இரவே வைத்துவிட்ட பரிசுத் தட்டைக் கண்டாள். சப்பாத்தை எடுக்கவில்லை, சீனிப் பொம்மையை மட்டும் எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். குசினியில் சுகிர்தா கோப்பி வைக்கிற சத்தம் கேட்டது. பிள்ளை தாயிடம் போகவில்லை. ஏன் என்று எனக்கு அந்த நிமிசம்தான் விளங்கியது.

“மாமி, நீங்கள்தானே கதவடியில படுத்தனீங்கள். அப்பா வந்தவரோ?”

நான் வாய் திறக்காமல் இருந்தால் அதுவும் ஒரு பதில்தான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொம்மையின் கண்ணாடித் தாள் அவளுடைய கையில் சரசரத்தது.

“ஓம்” என்றேன்.

“என்ன போட்டிருந்தவர்?”

“நீலச் சேட்டு. ஒரு கை மடிச்சு, ஒரு கை மடியாமல். இடுப்பில சாரம். கழுத்தில ஒரு துவாய்.”

“என்ர வகுப்பு லூக்காவின்ர நோன்னோ, அவன்ர செத்த தாத்தா, கோட்டுப் போட்டு வருவார்.”

“உன்ர அப்பாவுக்கு வேர்க்கும்.”

அவள் அதை யோசித்துச் சரி என்பதுபோலத் தலையாட்டினாள். பிறகு, தன்னை ஏன் எழுப்பவில்லை என்று கேட்டாள். உன் தலைமாட்டில் நின்று பார்த்தவன், நித்திரையைக் குழப்ப விருப்பமில்லை என்றவன் என்று சொன்னேன். செருப்புப் போட்டிருந்தாரா என்று கேட்டாள். போட்டிருந்தவன், ஒரு வார் அறுந்து கம்பியால் கட்டியிருந்தது என்றேன். நான் கதை கட்டவில்லை. அந்தச் சேட்டும் கம்பியும் விசாரணைக்காரர்களிடம் பத்துத் தரம் ஒப்பித்தவை. பஸ்ஸில் ஏறியபோது அவன் அப்படித்தான் நின்றான். எந்தப் பாசைக்காரன் வந்து கேட்டாலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பிள்ளை கேட்க ஏழு வருசம் எடுத்திருக்கிறது.

குசினியில் சத்தம் நின்றுபோயிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சுகிர்தா கதவு நிலையில் நின்றாள். சொன்னதற்கு மேலே கதைத்துவிட்டேன், ஏசப்போகிறாள் என்று நினைத்தேன்.

“மெலிஞ்சிருந்தவரோ, மச்சாள்?” என்று கேட்டாள்.

பிள்ளைக்காகக் கேட்கிறாளா, தனக்காகக் கேட்கிறாளா என்று அவளுடைய முகத்தைப் பார்த்தேன்.

“கொஞ்சம் மெலிவுதான்” என்றேன்.

“கையில ஏதாவது சாப்பிடக் கொண்டுபோனவரோ?”

“பிஸ்கட் பெட்டி ஒண்டு. பாதி உடைச்சு உங்களுக்கெண்டு தந்தவன். உன்னையும் குழந்தையையும் தேடி ஓடின அவதியில நான் அதை எங்கையோ போட்டிட்டன். அதாலதான் உனக்குச் சொல்லேல்லை.”

கோப்பி பொங்கி அடுப்பில் வழிகிற மணம் வந்தது. அவள் திரும்பிப் போகவில்லை. வந்து என் பாயின் ஓரத்தில், சுவரோடு சாய்ந்து இருந்தாள். மதுரா இருவருக்கும் நடுவில் புகுந்துகொண்டாள்.

“முதல்ல இருந்து சொல்லுங்கோ” என்றாள் சுகிர்தா. “பஸ் வந்து நிண்டதில இருந்து.”